திரை விலகிய வீடு

காப்பிக்கு ஒரு பிஸ்கட்தான் தருவேன். எடுத்துக்கொண்டதும் டப்பாவை மூடிவிடுவேன். தவறாக நினைக்காதீர்கள், இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நீங்கள் க்ரோனிங்கன் நகரத்தில் வளர்ந்த பெண். அங்கே போலீஸ்காரர்களுக்கு இரண்டு கொடுப்பார்களோ என்னவோ.

மூன்று நாளும் ஜன்னல் திரை ஏன் விலகியிருந்தது என்று கேட்டீர்கள். நான்தான் விலக்கினேன். தினமும் காலை எட்டு மணிக்கு.

இங்கே வயதானவர்கள்தான் அதிகம். எட்டரைக்குள் திரை விலகியிருந்தால் உள்ளே எல்லோரும் நலம் என்று அர்த்தம். விலகாவிட்டால் எதிர்வீட்டு ஹார்ம் வந்து தட்டுவார். திறக்காவிட்டால் அவரிடம் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது. மற்றபடி, முன்னாலேயே சொல்லி நாள் குறிக்காமல் யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டோம்.

அப்பா போனபிறகு முப்பத்தொரு வருடம் நானும் ரென்ஸ்கே அக்காவும் இந்த வீட்டில் இருந்தோம். மாலை நான்கு மணிக்கு நாவல் படிப்போம். நான் வாய்விட்டுப் படிப்பேன், அவள் பின்னிக்கொண்டே கேட்பாள். நம் நாட்டு நாவல்கள் உங்களுக்குத் தெரியாதா? ஒரு வீடு, ஒரு மழை, பேசாத ஒரு குடும்பம். நூலகத்திலிருந்து கடைசியாக எடுத்து வந்ததில் ஒரு பெண், அவளுடைய அப்பா, ஒரு ஜன்னல். அவ்வளவுதான். முந்நூறு பக்கத்தில் வாசற்கதவு ஒரே ஒரு தடவைதான் திறக்கும்.

நூலகத்தின் வாசகர் வட்டத்தில்தான் சீபே வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், ஹார்லிங்கன் ஊர்க்காரர். போன மாதம் அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்.

"ஹில்யே, எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்குடி அடுத்தவங்க தனிமையையே படிச்சிட்டு இருக்கிறது? நான் சீபேயோட போயிடலாம்னு இருக்கேன்."

"அந்த ஆளா? கடைசிப் பக்கத்த முதல்ல படிக்கிற ஆளாச்சே அக்கா."

"அதான் பிடிச்சிருக்கு. முடிவு தெரியாம அவரு எதுலயும் இறங்க மாட்டாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சண்டை எதுவும் போடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அவர் கார் கொண்டுவருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் அக்கா மாடியிலிருந்து பெட்டியை இறக்கினாள். எங்கள் படிக்கட்டைப் பார்த்தீர்கள் அல்லவா, ஏணி மாதிரி செங்குத்து. நான் தள்ளவில்லை. பெட்டிதான் இழுத்துக்கொண்டு வந்தது. நான் போனபோது நடையில் கிடந்தாள், ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

"டாக்டரக் கூப்பிடுடி," என்றாள்.

தொலைபேசியை நோக்கித்தான் நடந்தேன். வழியில் கடிகாரம் எட்டடித்தது. பழக்கம், கை திரைக்குப் போய்விட்டது. விலக்கினேன். எதிரே ஹார்ம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையசைத்தார். நானும் அசைத்தேன். அந்த நிமிடம் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பெட்டி கீழே இருந்தது, அக்கா வீட்டில் இருந்தாள். அதைக் கலைக்க எனக்குத் தெம்பில்லை. முப்பத்தொரு வருடக் களைப்பு, உங்களுக்கு இந்த வயதில் புரியாது.

கம்பளி போர்த்தினேன். தலைக்குத் தலையணை வைத்தேன். காப்பி கொடுத்தேன், ஒரு பிஸ்கட்டும். நாற்காலியை நடைப் பக்கம் திருப்பிப்போட்டு அந்த நாவலைப் படித்தேன். தெருவில் போனவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஹில்யே வழக்கம்போல அக்காவுக்குப் படித்துக்காட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். உண்மையும் அதுதானே. அவள் கூப்பிட்டாள்தான். ஆனால் குரல் சன்னமாகிவிட்டிருந்தது, நான் படிக்கும் சத்தத்தில் அடங்கிப்போனது.

புதன்கிழமை சீபே தொலைபேசியில் அழைத்தார்.

"ரென்ஸ்கே இருக்காங்களா?"

"இருக்கா. ஆனா யாரோடயும் பேசற மனசில்ல. கொஞ்சம் யோசிக்கணுமாம்."

"ஓ... அப்படியா. சரி, நான் தொந்தரவு பண்ணல. சனிக்கிழமை வரலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நல்ல மனிதர். துளைத்துத் துளைத்துக் கேட்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

அன்று அக்கா டாக்டரை நான்கு தடவை கேட்டாள். வியாழக்கிழமை ஒரே தடவை. இந்த வீடு அவளுக்கு மறுபடி பழகிவருகிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். அதை நான் முந்தின வாரமே தனியாகப் படித்திருந்தேன். புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?" என்றாள். உதடு வெடித்திருந்தது.

"முடிஞ்சிடுச்சு அக்கா. அவ அப்பாகூடவே இருந்துடறா. கதவு திறக்கவே இல்ல."

என்னைப் பார்த்தாள். "பொய் சொல்ற. சீபே எங்கிட்ட முடிவச் சொல்லிட்டாருடி. திறக்குது. அவ போயிடறா."

அதற்குப்பிறகு அவள் டாக்டரைக் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திரையை விலக்கிவிட்டு வந்து பார்த்தேன், போயிருந்தாள். அப்போதுதான் டாக்டருக்குச் சொன்னேன். அவர் அக்காவின் கால் வீக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்களைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார். ஆமாம், பிழைத்திருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். பிழைத்து ஹார்லிங்கனுக்குப் போயிருப்பாள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சீபே வேறு ஏதோ புத்தகத்தின் முடிவைச் சொல்லியிருப்பார். அவர் வயதில் குழப்பம் சகஜம்.

கோட்டை எடுத்துக்கொள்கிறேன், போகலாம். ஒரே ஒரு உதவி. திரையை மட்டும் மூடிவிடாதீர்கள். நாளைக்கு எட்டரைக்கு ஹார்ம் பார்ப்பார். எங்கள் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அனாவசியமாகக் கவலைப்படுவார்.