ஜியாவுதீன் பாயைக் கூப்பிடுங்க

தாஜுன்னிசா: …எத்தினி வாட்டிங்க சொல்றது? அவங்க வூட்ல இல்ல. ட்யூட்டிக்குப் போயிருக்காங்க.

தெய்வசிகாமணி: காலைல மெசேஜ் வந்துச்சே. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்துட்டேன், வீட்லதான் இருப்பேன், வாங்கன்னு.

தாஜுன்னிசா: அப்புறம் கூப்ட்டுட்டாங்க. ஓவர்டைம்.

தெய்வசிகாமணி: நைட் ஷிப்ட் பாத்தவர காலைல மறுபடியுமா?

தாஜுன்னிசா: ஆள் இல்லன்னா கூப்புடத்தான் செய்வாங்க. நிலக்கரி மைன்ஸ் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? சேலத்துல பஸ் விட்டுக்கினு இருக்கறவரு நீங்க.

தெய்வசிகாமணி: நான் பஸ் விடறது… உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

தாஜுன்னிசா: அவங்க சொல்லுவாங்க. சேலம் தெய்வசிகாமணி, பழைய ஹெரால்டு கார் வச்சிருக்கறவங்க வாட்ஸப் குரூப்புக்கு அட்மின், ஸ்கூல் பஸ் ஓடுது, மீசைக்கு மை போடறாரு. போதுமா?

தெய்வசிகாமணி: மை வரைக்கும் சொல்லியாச்சா… சரிங்க. ஒரு போனாச்சும் போட்டுக் குடுங்க. அவரு கொரல கேட்டுட்டு நான் போயிடறேன்.

தாஜுன்னிசா: மைன்ஸுக்குள்ள டவர் எடுக்காது.

தெய்வசிகாமணி: மெசேஜுக்கு மட்டும் எடுக்குமோ?

தாஜுன்னிசா: இத பாருங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க. அக்கம்பக்கத்து குவார்ட்டர்ஸ்ல எல்லாம் எட்டிப் பாக்கறாங்க.

தெய்வசிகாமணி: பாக்கட்டும். அவங்ககிட்டயே கேக்கறேன். ஏங்க… இந்த வீட்டு ஜியாவுதீன்—

தாஜுன்னிசா: யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க வாணாம்! என்கிட்ட கேளுங்க.

தெய்வசிகாமணி: கேட்டுட்டுத்தானங்க நிக்கறேன், வெயில்ல.

தாஜுன்னிசா: அந்த மூடிய குடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதத்தானே கொண்டாந்திருக்கீங்க? அவங்க வந்ததும் கார்ல மாட்டி, படம் புடிச்சு குரூப்புல போடச் சொல்றேன்.

தெய்வசிகாமணி: குரூப்போட சட்டம் தெரியுமில்ல? கடையில கெடைக்காத பொருள நாங்க சும்மாதான் குடுப்போம். ஆனா காருக்கு முன்னாடி, கார்க்காரர் கையில, நேர்ல. ஒருத்தன் எங்கள ஏமாத்தி வாங்கி வெளியில வித்துட்டான். அதுலேர்ந்து இப்படி.

தாஜுன்னிசா: கார் உள்ள ஷெட்டுல நிக்குது. நான் அவங்க சம்சாரம். இன்னும் என்ன வேணும்?

தெய்வசிகாமணி: கார்க்காரர் வேணும். எங்க, அந்தப் பழைய மூடியில என்ன கோளாறுன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்.

தாஜுன்னிசா: மூணாவது சிலிண்டருக்கு வயர் போற எடத்துல முடி மாதிரி ஒரு கீறல். தீப்பொறி பிளக்குக்குப் போவாம அங்கயே செத்துப் போவுது. அதான் செல்ஃப் சுத்துது, இஞ்சின் புடிக்கல. பேட்டரிய நேத்தே சார்ஜ் போட்டு வச்சுட்டேன்… வச்சுட்டாங்க.

தெய்வசிகாமணி: வச்சுட்டாங்க.

தாஜுன்னிசா: ஆமா. என்ன அப்படி பாக்கறீங்க?

தெய்வசிகாமணி: ஒண்ணுமில்ல. உள்ள சாமானெல்லாம் மூட்டையா கட்டி வச்சிருக்கே… காலி பண்றீங்களா?

தாஜுன்னிசா: குவார்ட்டர்ஸ் சாவிய இன்னிக்கு ஒப்படைக்கணும்.

தெய்வசிகாமணி: ஏன்? பாய் ரிட்டயர்டு ஆவ இன்னும் வருஷம் இருக்கே?

தாஜுன்னிசா: வி.ஆர்.எஸ். குடுத்துட்டாங்க.

தெய்வசிகாமணி: வி.ஆர்.எஸ். வாங்குன மனுஷனுக்கு ஓவர்டைமா?

தாஜுன்னிசா: நீங்க என்ன போலீஸா? குறுக்குக் கேள்வி கேக்கத்தான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்களா?

நாசர்: அண்ணி! என்ன அண்ணி இன்னும் இங்கயே நிக்கறீங்க? வடலூர் இரும்புக்கடைக்காரன் லாரியோட வந்துட்டான். ஷெட்டு தகரத்தப் பிரிக்கணும், சாவி குடுக்கணும், ஆபீஸ் மூடறதுக்குள்ள போயாவணும். சார் யாரு?

தாஜுன்னிசா: அவங்களுக்குத் தெரிஞ்சவரு. நாசர், நீ போயி—

தெய்வசிகாமணி: ஜியாவுதீன் பாயோட ஃப்ரெண்டுங்க நான். நீங்க?

நாசர்: தம்பி. அண்ணனுக்கு ஃப்ரெண்டா? அன்னிக்கு உங்கள பாக்கலியே சார், எல்லாரும் வந்திருந்தாங்க—

தாஜுன்னிசா: நாசர்!

தெய்வசிகாமணி: என்னிக்குங்க?

தாஜுன்னிசா: எங்க பொண்ணு ஹுமா கல்யாணத்துக்கு.

நாசர்: ஹுமா கல்யாணமா? ஹுமா காலேஜு போய்க்கினு இருக்கா. அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு?

தாஜுன்னிசா: வாய மூடிக்கினு போறியா? லாரிக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. அவன் காத்திருக்கட்டும்.

நாசர்: எவ்ளோ நேரம் காத்திருப்பான்? கெளம்பாத காருக்கு இப்படி ஒரு அழிச்சாட்டியம். குடி போற மந்தாரக்குப்பம் வூட்ல சைக்கிள் வுடவே எடம் கெடையாது. இத எங்க கொண்டு போயி வைக்கறது, தலமேலயா?

தாஜுன்னிசா: கறிக்கடைக்குப் பின்னால எடம் கேட்டு வச்சிருக்கேன். உன்கிட்ட என்ன சொன்னேன்? ஸ்டார்ட் ஆச்சுன்னா நானே ஓட்டிக்கினு போறேன். ஆவலன்னா நீ லாரில ஏத்திக்கோ, ஒரு வார்த்த பேச மாட்டேன். சொன்னேனா இல்லியா?

நாசர்: சொன்னீங்க. அதையேதான் போன மாசமும் சொன்னீங்க. லாரி உள்ள வந்துச்சுன்னா நான் ஏத்திருவேன் அண்ணி, அப்புறம் கோச்சுக்கக் கூடாது.

தாஜுன்னிசா: போ… போயிட்டான். பாத்தீங்கல்ல? என் நெலமை இதான். அந்த மூடிய குடுங்கண்ணே. பிடிவாதம் பண்ணாதீங்க.

தெய்வசிகாமணி: ஓஹோ. அப்ப கார எடைக்குப் போடப் போறாரா உங்க வூட்டுக்காரரு?

தாஜுன்னிசா: எடைக்குப் போடக் கூடாதுன்னுதானே கெஞ்சிக்கினு நிக்கறேன்!

தெய்வசிகாமணி: கோயம்புத்தூர்க்காரர் தன் காருலேர்ந்து கழட்டி பிளக் வயர் அனுப்புனாரு. நாகர்கோவில்லேர்ந்து கார்பரேட்டர் சாமான் வந்துச்சு. எதுக்கு? இரும்புக்கடைக்குப் போடறதுக்கா? போன் போட்டா கட் பண்றாரு. வீடியோல வாங்கன்னா ஷிப்டுங்கறாரு. திருச்சில எல்லாரும் கூடுனோம், வர்றேன்னு சொல்லிட்டு ஆளே வரல. எங்க சாமானத்த வாங்கி இவரும் வெளிய விக்கறாருன்னு குரூப்புல பேச்சு. நான் இவ்ளோ நாளா இல்லன்னேன். இப்பத் தெரியுது.

தாஜுன்னிசா: என்ன தெரியுது?

தெய்வசிகாமணி: நல்லா ஏமாத்தியிருக்காரு மனுஷன். திருட்டுத்தனம் பண்ணிட்டுப் பொண்டாட்டிய முன்னால நிறுத்திட்டு உள்ள ஒளிஞ்சிருக்காரு.

தாஜுன்னிசா: வார்த்தைய அளந்து பேசுங்க!

தெய்வசிகாமணி: ஜியாவுதீன் பாய்! வெளிய வாங்க! ஆம்பளையா இருந்தா என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க!

தாஜுன்னிசா: கத்தாதீங்க!

தெய்வசிகாமணி: கூப்பிடுங்க அவர! நீங்க கூப்பிடலன்னா நான் உள்ள வருவேன்!

தாஜுன்னிசா: வாங்க! வந்து தேடுங்க! மூட்டையெல்லாம் பிரிச்சுத் தேடுங்க! இருந்தா கூட்டிக்கினு போங்க! நானும் எட்டு மாசமா தேடிக்கினுதான் இருக்கேன்… மௌத்தாயிட்டாங்கய்யா! செத்துப் போயிட்டாங்க! போதுமா? இப்ப நெஞ்சு குளுந்துச்சா உங்களுக்கு? திருடனாம்! அவங்களயா? உங்க குரூப்புக்காக ராத்திரி பகலா அந்த ஷெட்டுல கெடந்த மனுஷன. எவனுக்கோ தென்காசில கார் நின்னா இவங்களுக்குச் சோறு எறங்காது. எனக்குக் காய்ச்சல்னா தெரியாது, உங்க காரெல்லாம் இருமுனா தெரியும். அவங்க உசுரு போன அன்னிக்குக் கூட யார்கிட்ட பேசிக்கினு இருந்தாங்க தெரியுமா? உங்ககிட்ட! நான் சமையல் ரூம்புல இருக்கேன். ஒரு செவுருதான் நடுவுல. நெஞ்சப் புடிச்சுக்கினு ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேன். குடுக்கல. கையில போன். இஞ்சின் டைமிங் எப்படி வைக்கறதுன்னு உங்ககூட சண்டை.

தெய்வசிகாமணி: ஆமா. என்கூடத்தான்.

தாஜுன்னிசா: அடக்கம் பண்ணிட்டு எல்லாரும் போனப்புறம் அந்த போன எடுத்தேன். ஒடச்சுப் போடணும்னுதான் எடுத்தேன். உங்க மெசேஜ் கெடந்துச்சு. 'என்ன பாய், பதிலே காணோம், தோத்துட்டீங்களா'ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்தரம்… 'இன்னும் தோக்கல'ன்னு போட்டேன். நான்தான் போட்டேன்.

தெய்வசிகாமணி: உக்காருங்கம்மா.

தாஜுன்னிசா: இருக்கட்டும். அப்புறம் இத்தா இருந்தேன். புருஷன் போனா எங்கள்ல வாசப்படி தாண்டக் கூடாது. வர்றவங்கல்லாம் என்னப் பாத்து அழுதுட்டுப் போவாங்க. நான் கதவ சாத்திட்டு ஷெட்டுக்குப் போயிடுவேன், காம்பவுண்டுக்குள்ள அது ஒண்ணுதான் இருந்துச்சு. குரூப்புல மட்டும்தான் அவங்க சாவல. 'பாய், பிளக்க கழட்டுங்க', 'பாய், அந்தத் திருகு எடது பக்கம்'னு நீங்கல்லாம் அவங்ககூட பேசிக்கினே இருந்தீங்க. அத எப்படிய்யா நான் நிறுத்துவேன்? ஏமாத்துனது நான்தான். திருடின்னு சொல்லணும்னா என்னச் சொல்லுங்க.

தெய்வசிகாமணி: தெரியும்.

தாஜுன்னிசா: என்ன தெரியும்?

தெய்வசிகாமணி: பாய் இல்லன்னு.

தாஜுன்னிசா: எப்பத்துலேர்ந்து?

தெய்வசிகாமணி: ஒரு பிளக்க கையில புடிச்சு படம் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? அந்தக் கையில அஞ்சு விரலும் முழுசா இருந்துச்சு. பாய்க்கு ஆள்காட்டி விரல் பாதிதானம்மா. அரைவிரல் பாய்னுதான நாங்க கூப்பிடறதே.

தாஜுன்னிசா: யா அல்லாஹ்…

தெய்வசிகாமணி: அதுக்கு முன்னாடியே சந்தேகம். நாங்க எது சொன்னாலும் 'சரிங்க, செஞ்சுட்டேன்'னு பதில் வந்துச்சு. ஜியாவுதீன் பாய் எங்க பேச்ச ஒரு நாளாச்சும் கேட்டிருக்காரா? சண்ட போடாத ஜியாவுதீன எங்கள்ல யாருக்குமே தெரியாது. அப்புறம் ஒரு நாள், முப்பது வருஷமா கார் ஓட்டுன மனுஷன் 'ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம்'னு கேட்டாரு.

தாஜுன்னிசா: அப்ப எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சுக்கினே கூடிப் பேசி என்னய வேடிக்க பாத்தீங்களா? ஒரு பொம்பள கிறுக்குப் புடிச்சு புருஷன் பேர்ல பேசறா, வாங்கடா பாப்போம்னு!

தெய்வசிகாமணி: அந்த மாதிரி பேசாதீங்க. உங்க நம்பர மட்டும் விட்டுட்டு இன்னொரு குரூப் போட்டோம். இன்னைக்கு அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது, பானெட்டக் கூட தொறந்து பாக்காதவங்களுக்குப் புரியற மாதிரி எப்படி எழுதறதுன்னு, அதுல பேசிட்டுத்தான் இதுல போடுவோம். தப்பா சொல்லி ஷாக் அடிச்சிடப் போவுதுன்னு கோயம்புத்தூர்க்காரருக்குத் தூக்கமே கெடையாது.

நாசர்: அண்ணி! லாரி உள்ள வரவே வழியில்ல! தெரு முனையில எவனோ பழைய கார வரிசையா கொண்டாந்து நிறுத்திக்கினு இருக்கானுங்க, நம்ம கார் மாதிரியே! எடுங்கடான்னா எடுக்க மாட்டேங்கறானுங்க. அழுவுற மாதிரி மூஞ்ச வச்சுக்கினு நிக்கறானுங்க ஒவ்வொருத்தனும்!

தாஜுன்னிசா: யாரு… உங்க ஆளுங்களா?

தெய்வசிகாமணி: பாய் ஆளுங்க. இந்தாங்க மூடி. மாட்டுங்க. நீங்களே மாட்டுங்க, எங்கள்ல யாரும் கை வைக்க மாட்டோம். ஸ்டார்ட் ஆனதும் பாய் அடங்கியிருக்கற எடத்துக்கு வழி காட்டி நீங்க முன்னால போங்க. நாங்க பின்னால வர்றோம்.

தாஜுன்னிசா: இவ்ளோ தெரிஞ்சவரு… அப்புறம் எதுக்குய்யா வாசல்ல நின்னுக்கினு அவங்கள திருடன்னு கத்துனீங்க? கூப்பிடு, கூப்பிடுன்னு என் உயிர ஏன் எடுத்தீங்க?

தெய்வசிகாமணி: அந்த வார்த்தைய சொல்லும்போது என் நாக்கு கூசிப்போச்சும்மா. அவர் போயிட்டாருன்னு உங்க வாயால நீங்க சொல்லாம… நாங்க எப்படிம்மா அழறது?