ரெண்டு பேருக்கு ஒரு வில்லு

— எழுபது பவுண்டு இழுவையா? டுவேன், உன் பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசுடா. வீட்டுல பொண்ணை வளர்க்கிறியா, கரடியை வளர்க்கிறியா?

— எனக்கும் சேர்த்துத்தானே அக்கா வாங்குறேன். பழகுற பிள்ளையைக் கூட்டிட்டு மானுக்குப் போனா ரெண்டு பேருக்கு ஒரே வில்லுதான்னு சட்டம். வில்லுக்கடை வச்சிருக்கிற உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?

— எடுக்க வேணாம். ஒரே பரண், கை எட்டுற தூரம், ஒரே வில்லு. பிள்ளை அடிக்கணும், பெரியவன் பக்கத்துல குந்திப் பார்த்துக்கணும். அதுக்குத்தான் அந்தச் சட்டம். சிக்னி, இங்க வாடி தங்கம். அப்பா எடுத்த வில்லை இழு பார்ப்போம்.

— ம்ம்ம்... வரல அத்தை. அசையவே இல்ல.

— எப்படி வரும்? அதைக் கீழ வை. இந்தா, இது முப்பத்தஞ்சுல இருக்கு. மெதுவா... முழங்கையைத் தூக்கு... பல்லைக் கடிக்காதே... ஆங், வந்துட்டுது பாரு! டுவேன், இந்தத் திருகை முறுக்கினா அறுபது வரைக்கும் ஏறும். அவளும் அடிக்கலாம், நீயும் அடிக்கலாம்.

— இந்தப் பொம்மையைத் தூக்கிட்டு நான் காட்டுக்குப் போகணுமாக்கும்! சிரிப்பானுங்க அக்கா. போன வருஷம் என் பழைய வில்லுலயே எட்டுக் கிளைக் கொம்பு மானைச் சாய்ச்சாளே, அப்ப மட்டும் எப்படி இழுத்தாளாம்?

— அதான் நானும் கேக்கிறேன். உன் பழைய வில்லு அறுபத்தஞ்சு. அதை எப்படி இழுத்தா?

— அது... வேகத்துல... ஒரு ஆவேசத்துல வரும்ல...

— டுவேன், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

— ஐயோ, கத்தித் தொலையாதே. சரி, நான்தான் அடிச்சேன். அவ பேர்ல வாங்கின வேட்டைச் சீட்டை மான்மேல மாட்டிவிட்டேன். போதுமா? ஊர்ல எவன் செய்யலை?

— சீ! கருமம்! அவ அந்த மானோட நிக்கிற போட்டோவை என் கடைச் சுவத்துல மாட்டியிருக்கேனேடா. வர்றவன் போறவன்கிட்டெல்லாம் என் மருமக, என் மருமகன்னு பீத்திக்கிட்டேன். வெள்ளிக்கிழமை மீன் விருந்துல அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நீ பிராந்தியும் கையுமா நின்னு இளிச்சே. உனக்கு நாக்கு கூசலை?

— பிள்ளைக்கும் ஒரு சந்தோஷம்தானே அக்கா.

— சந்தோஷமா! அந்தப் படத்துல அவ மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. முதல் மானு, பயந்திருக்கான்னு நினைச்ச நான் ஒரு முட்டாள். உன்னைப் பார்க்கவே குமட்டுதுடா. கேட்டுக்கோ. அவ கைக்கு ஏத்த வில்லை வாங்கு, அவளை அடிக்கவிடு. இல்லன்னா மேடிசன்ல பெரிய கடை இருக்கு, அங்க போ. நீ போய்ச் சேர்றதுக்குள்ள ஊருக்கே சொல்லியிருப்பேன்.

— தம்பின்னுகூடப் பார்க்க மாட்டியா? சரி சரி, முறைக்காதே. அந்தச் சின்ன வில்லையே குடு. இந்த வருஷம் அவளே அடிக்கட்டும். நான் தொடக்கூட மாட்டேன். சத்தியம்.

— கேட்டியாடி சிக்னி? இனிமே இது உன் வில்லு. வந்து வாங்கிக்கோ. ஏன்டி, கையைப் பின்னால கட்டிக்கிறே?

— வேணாம் அத்தை. அப்பாகூட நான் பரண்ல ஏறமாட்டேன்.

— ஏன் கண்ணு? அந்த மானை அடிச்சது தான்தான்னு அப்பாவே ஒத்துக்கிட்டாரே.

— சிக்னி, வாயை மூடிட்டுப் போய் வண்டியில உக்காரு!

— அப்பாவும் அடிக்கலை அத்தை. பால் லாரி அடிச்சது. ரோட்டோரமா வயிறு உப்பிக் கிடந்துச்சு. அம்பை என் கையில குடுத்து, நீயே சொருகுன்னார்.