கொக்கத்தான் எடுத்த படம்

வெயில் ஏறிய பிறகு கொக்கைப் படம் பிடிக்கக் கூடாது. அதன் வெள்ளை சுண்ணாம்புச் சுவர் மாதிரித் தட்டையாகிவிடும்; இறகு தெரியாது. இது புரியாதவர்கள்தான், விடிந்ததும் விடியாததுமாகப் பெண்சாதி பிள்ளையை இழுத்துக்கொண்டு இவன் எங்கே போகிறான் என்று சிரித்தார்கள்.

நீங்களும் அதைத்தான் முதலில் கேட்டீர்கள். சொல்கிறேன். கையை அவிழ்த்துத் தேநீர் தந்தீர்கள், நன்றி. ஆனால் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தால் உங்கள் நேரம்தான் வீண். கல்லடிப் பாலத்து இராணுவக் காவலரணை உங்கள் இயக்கம் தாக்கியபோது அந்தப் படம் உங்கள் கையில் கிடைத்திருக்கிறது. அது நான் எடுத்த படம்தான்.

நான் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞன். வீடு கல்லடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி கண்ணகையையும் மகளையும் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். பள்ளி விடுமுறையில் மலைநாட்டுக்கு, ஹக்கலைப் பூங்காவுக்கு. அவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள், நான் கமராவை எடுப்பேன். மனிதர்களை நான் எடுப்பதில்லை. கமராவைக் கண்டதும் அவர்கள் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். பறவைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சண்டை திரும்பத் தொடங்கியபின் மலைக்குப் போகிற வழியெல்லாம் சோதனை. பறவைகள் கூடும் குமணைக் காட்டை நினைத்தும் பார்க்க முடியாது. மிஞ்சியது எங்கள் ஊர் வாவி ஒன்றுதான்.

பாலத்துக் காவலரணில் ஒருநாள் என் பையைத் திறந்தார்கள். அங்கிருந்த இராணுவ அதிகாரி மலைநாட்டுச் சிங்களவர். ஹக்கலையில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்ல கண்,” என்றார், அரைகுறைத் தமிழில். அதன் பிறகு என் பையை அங்கே ஒருவரும் திறக்கவில்லை. கழுவி எடுக்கும் படங்களை அவருக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் படங்களைப் பொறுமையாகப் பார்த்த முதல் ஆள் அவர்.

கண்ணகையின் ஊர் பழுகாமம். வாவிக்கு அக்கரை, உங்கள் பக்கம். அவளுடைய தம்பி நல்லரத்தினம் அங்கே தோணியில் மீன் பிடிப்பவன். உங்கள் காவலிலும் என் பையைத் திறக்கவில்லை. நல்லரத்தினத்தின் அத்தான் என்று சொன்னால் போதும், சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

அவனைச் சுற்றி எப்போதும் சிரிப்புத்தான். எனக்குக் ‘கொக்கத்தான்’ என்று பெயர் வைத்தவன் அவன். ஒரு ஞாயிறு எங்கள் எல்லோரையும் தோணியில் ஏற்றிக் கண்ணாப் பற்றைகளின் ஓரம் கொண்டுபோனான். தண்ணீரில் வேரூன்றி நிற்கும் அந்த மரங்கள் முழுக்கக் கொக்குகள். மூச்சை அடக்கிக் கமராவைத் தூக்கினேன். அவன் கம்பால் தண்ணீரில் ஓங்கி அடித்தான். அத்தனையும் எழும்பிப் பறந்தன.

“இப்ப எடுங்க கொக்கத்தான், எல்லாம் ஒரே படத்துல வரும்,” என்றான்.

“கொக்கப்பா, கொக்கப்பா,” என்று மகள் கைதட்டினாள். கண்ணகை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. ஊரில் யாரையும் விசாரித்துப் பாருங்கள்.

அந்தப் பற்றைகளுக்குள்தான் நீங்கள் வள்ளங்களை மறைத்தீர்கள். மறைக்கக் கிளை வெட்டினீர்கள். கூடுகள் விழுந்தன. குஞ்சுகள் சேற்றில் கிடந்து கத்தின. வள்ளங்களைக் காலையில் பார்த்துத் தண்ணீர் இறைத்துவிடுகிற வேலை நல்லரத்தினத்துடையது. அவனிடம் முறையாகச் சொன்னேன், வேறு இடம் பார்க்கச் சொல் என்று.

“கொக்குக்கு வேற மரம் கிடைக்கும் அத்தான். பொடியனுகளுக்கு வேற இடம் இல்ல,” என்றான். அன்று அவன் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை அவன் வள்ளத்துக்குள் குனிந்து நிமிர்ந்தபோது எடுத்தேன். பின்னால் கிளை நிறையக் கொக்குகள். படத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். இது எந்த இடம். எப்போது ஆள் வரும். இந்த ஆள் யார். என் மனைவியின் தம்பி என்றதும் அவர் படத்தை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு விடியற்காலை ஷெல் அடித்தார்கள். நல்லரத்தினமும் உங்கள் பொடியன்கள் இருவரும் போனார்கள். அவர்கள் பெயரைச் சற்று முன் சொன்னீர்கள். எனக்கு அவர்களைத் தெரியாது. பற்றையும் எரிந்துபோனதே, கொக்குகளும் போயினவே என்று கேட்கிறீர்கள். பற்றை திரும்ப வளரும். அவை திரும்ப வரும். காத்திருக்க எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் தம்பியின் படம் வேண்டுமென்று கண்ணகை அழுதாள். அவன் வளர்ந்தபின் எடுத்த படம் அது ஒன்றுதான். வள்ளத்தை வெட்டிவிட்டு முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பெரிதாக்கும்போதுதான் கவனித்தேன், பின்னால் ஒரு கொக்கும் தெளிவாக இல்லை. எல்லாம் வெள்ளைப் புகை. அவனுடைய கண்ணிமை மயிர்கூட எண்ணலாம் போல விழுந்திருந்தது.

கண்ணகை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “உசிரோட இரிக்கிற மாதிரியே எடுத்திரிக்கீங்க,” என்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் என் படமொன்றை மெச்சியது அன்றுதான். அந்த விடுமுறைக்கு அவளையும் மகளையும் ஹக்கலைக்குக் கூட்டிப்போனேன். பயணப் பாஸுக்கு அதிகாரியே ஒழுங்கு செய்தார். குளிரில் இருவரும் ஒரு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள், சிரிப்புச் சத்தமே இல்லாமல். பறவைகள் கிட்ட வந்தன. நல்ல படங்கள் கிடைத்தன.

கொக்குகளுக்காகச் செய்தேன் என்று நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்த அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன் அல்லவா, பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். “உன் மச்சான் அங்க வராத நாள் இருக்கா? சொல்லு, அந்த நாள் பார்க்கலாம்.”

வெள்ளிக்கிழமைகளில் நல்லரத்தினம் வாவியில் இறங்கமாட்டான். குளித்து, அம்மன் கோயிலுக்குப் போய்விடுவான். அவன் பார்க்க வேண்டிய வள்ளத்தை வேறு யாராவது பார்ப்பார்கள். பழுகாமத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்படி ஒரு நாளும் இல்லை என்றேன். இன்று நீங்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.