ஆடிக் காற்றில் காய்ந்த கதவு

நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். டிக்கெட் வாங்கிய கையோடு மனைவி வெடித்தாள்.

“ஆரல்வாய்மொழில ஆடி மாசம் வாசக்கதவக் கழத்தி, முத்தத்துல வச்சு பெயின்ட் அடிச்ச ஒரே ஆளு நீங்கதான்!”

“சவத்த விடுட்டி. வெளிய வச்சா சீக்கிரம் காயும்னு வீடியோல சொன்னான்.”

“வீடியோ போட்டவன் ஊர்ல நம்மூரு மாதிரி கரண்டு எடுக்குற காத்தாடி சுத்துதா? கதவு பூரா மண்ணு ஒட்டிக் கெடக்கு. ஞாயித்துக்கெழம மவளப் பொண்ணு பாக்க வாறவங்க மொதல்ல அதுலதான கை வைப்பாங்க?”

“நீ முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னேன். ‘நீ என்ன பெயின்டரா’ன்னு கேட்டீங்க.”

அவள் பையிலிருந்து புது உப்புத்தாள் கட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“வீட்டுக்குப் போனதும் தேய்ங்க. என்னயக் கூப்பிடாதீங்க. நான் பெயின்டர் இல்லல்லா.”