டாங்கிக்கு மேலே ஆச்சி

காரைக்குடி பெட்ரோல் கடையில் மண்ணெண்ணெய்க்காக நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம். பெட்ரோல் டின்னோடு வந்த டிரைவர், பக்கத்தில் நின்ற காரின் முன்சீட்டில் இருந்த அம்மாளிடம் சொன்னார்:

"பெட்ரோலு ஊத்துற வாய்க்கு மேலதான் உக்காந்திருக்கீக, ஆச்சி."

அந்தக் காரில் முன்சீட்டைத் தூக்கினால்தான் டாங்கி மூடியைத் திறக்க முடியும். பின்சீட்டு முழுக்கச் சீர்த்தட்டுகள்.

"மகன் நிச்சயத்துக்கு நல்ல நேரம் பாத்து ஏறுனவ நான். பாதி வழியில எறங்க மாட்டேன்."

"எறங்காம ஊத்த முடியாது, ஆச்சி."

"அப்ப வீட்டுக்குத் திருப்பு. அங்கன எறங்குறேன், ஊத்து. அடுத்த நல்ல நேரத்துல கெளம்புவோம்."

"வீடு வரைக்கும் ஓட பெட்ரோலு இல்ல."

ஆச்சி எங்கள் வரிசையை நிதானமாகப் பார்த்தார்.

"இத்தன ஆம்பளைக சும்மாதானே நிக்கிறாக. தள்ளச் சொல்லு."