386ஆம் எண் கல்

முதலில், என் வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய எனக்காகக் காத்திருந்தமைக்கு நன்றி கூறிக்கொள்கிறேன், அம்மா. பேருந்து தாமதமாகிவிட்டது. இருபத்தாறு ஆண்டுப் பணியில் எனக்கு அவ்வாறு நேர்ந்ததே இல்லை.

ஒஹாயோவில் உள்ள எங்கள் மாவட்டக் காப்பகத்துக்கு, மூடப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையின் புதைகுழி அட்டைகள் வந்து சேர்ந்தன. அங்கு இறந்தவர்களின் கற்களில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது அந்தத் தட்டச்சு அட்டைகளில்தான் இருந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது.

அவற்றைப் படமாக்கிச் சேமிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தவன் நான். எதையும் இழக்காத டிஃப் என்னும் படக்கோப்புகள் அளவில் பெரியவை. நான் பரிந்துரைத்த முறையோ, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலெல்லாம் அதையே பதிக்கும். கோப்பு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். மாநிலக் கூட்டமொன்றில் இதுகுறித்து உரையாற்றினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குமுன் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

“கண்ணாடி மாதிரி இருக்கே, லீலண்ட். இதுல கல்யாணப் பத்திரிகையே அடிக்கலாம்,” என்றார் உடன் பணிபுரிந்த டோரீன்.

மங்கிய படம் தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இது தெளிவாகவே பொய் சொன்னது. விதிப்படி, நூறு அட்டைகளுக்கு ஒன்றைத் தாளோடு ஒப்பிட வேண்டும். நான் எடுத்த முதல் அட்டை எமில் நியூபெர்க் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுடையது. தாளில் 366. திரையில் 386. மங்கலான ஆறு, எட்டாகப் பதிந்திருந்தது.

இரண்டாவது அட்டையை நான் எடுக்கவில்லை.

“எல்லாம் சரியா இருந்துச்சா?” என்று கேட்டார் டோரீன்.

“இருந்துச்சு.”

“அப்போ வழக்கம்போல முப்பது நாள் கழிச்சுத் தாளை அரைக்க அனுப்பிடலாம்.”

ஒப்பிட்டதாகக் கையொப்பமிட்டேன். பிறகு, அரைவை வண்டியை அந்த வியாழக்கிழமையே வருமாறு தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். தாள் இருக்கும்வரைதான் தவறும் இருக்கும் என்று தோன்றியது.

அடுத்த அக்டோபரில் அகஸ்டா நியூபெர்க் வந்தார். எமிலின் தங்கை, எழுபத்தெட்டு வயது. கையில் ஒரு பை நிறைய, கல்லருகே நடுவதற்கான டூலிப் பூக்கிழங்குகள். 386ஆம் கல்வரை நானே உடன் சென்றேன்.

“எங்கண்ணன்தானே? நல்லாத் தெரியுமா உங்களுக்கு? முட்டி போட்டா என்னால திரும்ப எழுந்திருக்க முடியாது. தப்பான ஆளுக்குப் போட்டுடக் கூடாது பாருங்க.”

“சந்தேகமே இல்லீங்கம்மா. நானே பார்த்தேன்.”

நான் பார்த்தது உண்மை. நட்டு முடித்ததும் அவர் எழுவதற்குக் கைகொடுத்தேன். 366 அங்கிருந்து இரண்டு வரிசை தள்ளி, பெரிய மேப்பிள் மரத்தடியில் இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

மூன்று வசந்தங்கள் அவை அங்கே பூத்தன. சென்ற குளிர்காலத்தில் அவர் இறந்தார். அண்ணன் அருகிலேயே தம் சாம்பலைப் புதைக்குமாறு எழுதிவைத்திருந்தார். எண்ணைச் சரிபார்த்துச் சான்றளிக்கும்படி படிவம் என்னிடம் வந்தது. 386 என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

386இல் கிடப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது; திரையில் அந்த எண்ணில் வேறு அட்டை இல்லை, அவருடைய எண்ணும் மாறிப் பதிந்திருக்க வேண்டும். இனி யாருக்கும் தெரியாது. மற்ற அட்டைகளில் எத்தனை மாறின என்பதும் அவ்வாறே.

அகஸ்டா அம்மையார் மிக அமைதியாகக் கண்மூடியதாகக் கேள்விப்பட்டேன். அந்த அமைதியை அவருக்குக் கொடுத்தவன் நான் என்பதையும் தாங்கள் அருள்கூர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.