தார்ப்பாய்க்குள் இன்ஜின்

ஹலோ... ஹலோ... சுந்தரலிங்கம் ஐயாங்களா? லெட்சுமணன் பேசுறேன். லொறி லெட்சுமணன்... ஆமா, ஆமா, நாவுல டவுன் வரைக்கும் வந்தாச்சு. ஆமி செக் பொயின்ட்ல புடிச்சு வச்சிருக்காங்க... இன்ஜின இல்லீங்க. டிரைவர் கணபதிய.

எதுக்கா? நல்லா கேட்டீங்க. திருகோணமலையிலருந்து ஒரு லொறி வருது. மேல நீளமா ஒரு இரும்பு. அதச் சுத்தி கறுப்புத் தார்ப்பாய். ஓட்டிட்டு வர்றவன் தமிழன். ஆமிக்காரன் என்னன்னு நெனைப்பான், கல்யாணச் சீருன்னா?...

மூடச் சொன்னது நானா? மாத்தளையில மந்திரி வந்து கயித்த இழுத்துத் தெறக்குற வரைக்கும் ஒரு கண்ணு படக்கூடாதுன்னு கணபதிகிட்ட சத்தியம் வாங்காத கொறையா சொன்னது நீங்கதானே... ஆமா... அந்தப் புண்ணியவான் அதயேதான் சொல்லியிருக்கான். தார்ப்பாயக் கழட்டுன்னு துவக்க நெஞ்சுக்கு நேரா நீட்டுறாங்க. இவன், 'இல்ல சேர், இத மந்திரிதான் தெறக்கணும்'ங்கிறான்... சிரிக்காதீங்க ஐயா. அடி வாங்கினது அவன்.

...அதெல்லாம் கழட்டியாச்சு. பின்னால வேன்ல வந்து நானே கழட்டினேன். பழைய டீசல் இன்ஜின், சனங்களுக்கு வேடிக்கை காட்டுற ரயிலுக்குப் போகுதுன்னு சொன்னேன். ஆமிப் பொடியங்க மேல ஏறி போட்டோ கூட எடுத்துக்கிட்டாங்க. ஆனா இவன மட்டும் விடல்ல...

திரும்ப மூடியாச்சான்னா கேக்குறீங்க? ஒரு மனுசன ஆமிக்காரன் உள்ள வச்சிருக்கான்னு சொல்றேன், ஒங்க காதுல விழுகுதா இல்லையா? அவன் பொஞ்சாதி எல்கடுவ தோட்டத்து லயத்துல சோறாக்கி வச்சிட்டு இருப்பா. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?...

இல்ல, காசு கீசு கேக்கல்ல. இவன் எங்க வேலையா வந்தவன்னு ஒரு ஆளு பொறுப்பேத்துப் பேரு குடுத்தா விட்டுர்றேன்னு செக் பொயின்ட் பெரியவரு சொல்றாரு. இல்லாட்டிப் பொழுது சாய ஆமி முகாமுக்கு ஏத்திருவாங்க. ஏத்தினா அப்புறம் எங்க போயித் தேடுறது?...

ஒங்க பேரும் தமிழ்ப் பேருங்கிறீங்க. அடேயப்பா. தெறப்பு விழா அழைப்பிதழ்ல கொட்டை எழுத்துல அடிச்சப்போ அது ஞாபகம் வரலையாக்கும்... நானா? ஆமா, எனக்கும் பயம்தான். பேரு குடுத்தா நாளைக்கு இவன் எங்கயாச்சும் மாட்டினாலும் என்னையத்தான் தேடி வருவாங்க. மூணு பொம்பளப் புள்ளைங்க வீட்டுல. அதான் ஒங்களக் கூப்பிட்டேன். நீங்க ஆபீஸர். ஒங்க சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கும்னு நெனைச்ச என்னையச் சொல்லணும்...

இருங்க, இருங்க. பெரியவரே நான் போன் பேசுற இந்தக் கடைக்கு டீ குடிக்க வந்திருக்காரு. ரெண்டே வார்த்தை, ஒங்களுக்குத்தான் சிங்களம் தண்ணியா வருமே. குடுக்குறேன், பேசுங்க... சேர், ஒரு நிமிஷம் சேர், எங்க ஐயா லைன்ல...

ஹலோ?... ஹலோ... ஐயா?...

...இல்ல சேர். வச்சிட்டாரு... அவரா? அவரு நாளைக்கு மந்திரி பக்கத்துல மாலையோட நிப்பாரு, அப்பப் பாத்துக்கங்க.

பேனா இருக்குங்களா சேர்?... லெட்சுமணன்... ஆமா, லொறி என்னோடது. அவனுக்கும் நான்தான் பொறுப்பு. எழுதிக்கங்க.